நிதி விண்ணப்பத்தை யார் படிக்கிறார்கள்? வேலூர்ப் பக்கத்துச் சிறு தொண்டு அமைப்புகளுக்கு ஒரு விளக்கம்

காட்பாடியிலோ குடியாத்தத்திலோ நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் ஒரு டிரஸ்ட், ஏதோ ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் நிதிக்கு, அதாவது சமூகப் பணிக்கென்று கம்பெனி ஒதுக்கும் பணத்துக்கு, விண்ணப்பம் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பக்கம். முதல் நான்கு பக்கமும் மக்கள் படும் பாடு. அடுத்த இரண்டு பக்கம் நிறுவனர் பட்ட பாடு. பிறகு மரக்கன்று நடும் படங்கள், சால்வை போர்த்தும் படங்கள். கடைசிப் பக்கத்தில் எட்டு வரியில் ஒரு பட்ஜெட். விண்ணப்பம் கைக்கு வந்ததும் கம்பெனி அதிகாரி முதலில் திருப்புவது அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான். அங்கே 'இதர செலவுகள்: ரூ.1,50,000' என்று ஒரு வரி கிடந்தால், மீதிப் பதினோரு பக்கத்தையும் அவர் படிப்பாரா என்பது சந்தேகம்.

அந்த அதிகாரிக்கு மனசு கல் என்று சொல்லிவிட முடியாது. அவர் பணத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. அவருக்கு மேலே ஒரு சிஎஸ்ஆர் கமிட்டி, அதற்கும் மேலே இயக்குநர் குழு, வருஷக் கடைசியில் ஆடிட்டர். உங்கள் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நிற்கப் போகிறவர் அவர்தான். நீங்கள் இல்லாத ஒரு அறையில் உங்களுக்காகப் பேசப் போகிறவருக்குக் கொடுத்தனுப்பும் குறிப்பு என்றே நிதி விண்ணப்பத்தைப் பார்க்க வேண்டும். அவர் மாட்டிக்கொள்ளாமல் பேசுவதற்கு எது உதவுமோ அது உள்ளே இருக்க வேண்டும். நம் பக்கத்து விண்ணப்பங்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். துயரத்தை விரிவாக எழுதுகிறோம், செய்யப் போகும் வேலையை இரண்டு பத்தியில் முடித்துவிடுகிறோம்.

தர்மப் பணம், கேள்வி கேட்கும் பணம்

இரண்டு வகைப் பணமும் வேலூருக்குப் பழக்கம்தான். வேலூர் சிஎம்சி மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1899-ல் அமெரிக்காவில் மருத்துவப் படிப்பை முடித்துவிட்டு இங்கே திரும்புவதற்கு முன்னால் மருத்துவமனைக்காகப் பணம் திரட்டக் கிளம்பினார். ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர், மறைந்த தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-ல் திறந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனை அந்தப் பணத்தில் எழுந்தது. ஒருவர் மனமிரங்கினார், கொடுத்தார், பெயர் நின்றது. அது ஒரு வகை.

இருபது ஆண்டு கழித்து வந்தது வேறு வகை. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வேலூரில் தொடங்கியிருந்தது. 1920-களின் தொடக்கத்தில், வேலூர் உட்பட ஆசியாவின் ஏழு மகளிர் கல்லூரிகளுக்காக ராக்ஃபெல்லர் குடும்பத்தின் அறநிதி 10 லட்சம் டாலர் தர முன்வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டது: முதலில் நீங்கள் 20 லட்சம் திரட்டிக் காட்டுங்கள். லூசி பீபாடி தலைமையில் அமெரிக்கப் பெண்கள் ஊர் ஊராகப் போய்த் திரட்டிக் காட்டினார்கள். இன்றைக்கு 'மேட்சிங் கிராண்ட்' என்று சொல்வது இதைத்தான். இந்தப் பணம் மனமிரங்கி வருவதில்லை. உங்கள் மேல் வேறு யார் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள் என்று முதலில் பார்க்கிறது.

இன்றைக்கு ஒரு சிறு அமைப்புக்கு வரக்கூடிய பெரிய தொகைகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. அதற்குக் காரணம் சட்டம். கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டும் கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். எந்தெந்த வேலைக்கு என்பது ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. அட்டவணையில் இடமில்லாத வேலைக்குக் கொடுத்தால் அது கணக்கில் சேராது. அதனால்தான், விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே 'ஏழாவது அட்டவணையின் இந்த இனத்தில் வருகிறது' என்று ஒரு வரி இருந்தால் அதிகாரிக்குப் பாதி வேலை மிச்சம். கம்பெனி இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலிலும் இந்த வரம்பைத் தொடும் கம்பெனி எதுவென்று தேடிப் பார்ப்பது, மும்பைத் தலைமையகம் ஒன்றுக்கு ஐம்பது மின்னஞ்சல் அனுப்புவதைவிட மேல்.

வெளிநாட்டுப் பணத்தின் கதை வேறு. மிஷன் காலத்திலிருந்தே இந்தப் பகுதிக்கு அது பழகியது. 2010-ம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தை, அதாவது எஃப்சிஆர்ஏ-வை, 2020-ல் திருத்தியபோது முக்கியமாக மூன்று விஷயம் மாறியது. பணம் முதலில் டெல்லி ஸ்டேட் பாங்கின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வரவேண்டும். நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. எஃப்சிஆர்ஏ பதிவுள்ள ஒரு அமைப்பு தான் வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது. மூன்றாவதுதான் சின்ன டிரஸ்ட்களை அடித்தது. சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள பெரிய அமைப்பு ஒன்று வாங்கி, அணைக்கட்டு ஒன்றியத்திலும் பேரணாம்பட்டிலும் களத்தில் நிற்கும் சிறு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழி அடைபட்டுவிட்டது. நேரடியாகப் பதிவு வாங்கலாம் என்றால் மூன்றாண்டு செயல்பாடு இருக்க வேண்டும், அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். எனவே இப்போது தொடங்கும் அமைப்பு வெளிநாட்டு நிதியை நம்பித் திட்டம் போடாமல் இருப்பது நல்லது.

எழுத உட்காரும் முன்பே தோற்கும் விண்ணப்பங்கள்

காகிதம் சரியில்லாததால் திரும்பும் விண்ணப்பங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. டிரஸ்ட் டீட் (டிரஸ்டைத் தொடங்கிய பத்திரம்), பான், வருமான வரியில் அமைப்புக்கு விலக்குத் தரும் 12ஏபி பதிவு, நன்கொடையாளருக்குச் சலுகை தரும் 80ஜி அனுமதி, நிதி ஆயோக்கின் தொண்டு அமைப்புத் தளமான தர்பனில் பதிந்து வாங்கிய எண், மூன்று ஆண்டுகளின் தணிக்கைக் கணக்கு. சிஎஸ்ஆர் என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் தாக்கல் செய்து வாங்கிய எண். இந்த எண் 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். இதோடு, இதே மாதிரி வேலையில் மூன்றாண்டு அனுபவமும் கேட்பார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் வேறு. பழைய எண்ணையே எழுதிக்கொண்டிருக்காமல் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டீடை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுவதும் நல்லது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பத்திர எழுத்தர் போட்டுக் கொடுத்த நோக்கங்களில் 'கல்வி, ஏழைகளுக்கு உதவி' என்று மட்டும் இருக்கும். இப்போது நீங்கள் கேட்பது ஏரி தூர்வாரும் பணம். கமிட்டியில் யாராவது ஒருவர் இதைக் கேட்பார்.

எந்த வேலூர்?

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு பள்ளம் இது. வட ஆற்காடு 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. மிச்சமிருந்த வேலூர் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. ஆனால் கையிலிருக்கும் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் பிரிவினைக்கு முந்தியவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலூர் மாவட்டத்துக்கு 39,36,331 பேர் என்று இருப்பது வாணியம்பாடியையும் அரக்கோணத்தையும் சேர்த்து. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, 2017 மார்ச் மாத மாவட்ட எல்லைகளை வைத்து நடந்தது. அதனால் அதிலுள்ள 'வேலூர்' என்பதும் பழைய பெரிய வேலூர்தான்.

இதைக் கவனிக்காமல், கே.வி.குப்பம் ஒன்றியத்தில் ஒரு ஊட்டச்சத்துத் திட்டத்துக்கு 'வேலூர் மாவட்டத்தில் இத்தனை சதவீதக் குழந்தைகளுக்கு ரத்தசோகை' என்று எழுதினால், அந்த எண்ணுக்கும் கே.வி.குப்பத்துக்கும் இருக்கும் உறவு மெல்லியது. எண்ணை விட்டுவிடவும் வேண்டாம். 'இது பிரிக்கப்படாத மாவட்டத்தின் எண். எங்கள் ஐந்து ஊராட்சிகளில் நாங்களே எடுத்த கணக்கு இது' என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எழுதியவருக்கு ஊர் தெரியும் என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும். பள்ளிவாரியாக யூடைஸ் தரவு, அதாவது மத்திய அரசு திரட்டும் பள்ளிக் கணக்கு, இணையத்திலேயே கிடைக்கிறது. அங்கன்வாடிப் பதிவேட்டில் இருப்பதை அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டால் சொல்வார். பக்கத்து ஊராட்சிச் செயலரிடம் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கிடைக்கும் தகவல், இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய தேசியப் புள்ளிவிவரத்தைவிடக் கனமானது.

இன்னொன்று. 'எங்கள் மாவட்டம் பின்தங்கிய மாவட்டம்' என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இருப்பவை விருதுநகரும் ராமநாதபுரமும்தான். வேலூர் அதில் இல்லை. அந்தப் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் அதிகாரியிடம் பொதுவாகப் பின்தங்கியது என்று சொல்வதால் பயனில்லை. மாவட்டத்துக்குள்ளே எந்த மூலை பின்தங்கியது என்று காட்ட வேண்டும்.

அந்த மூலை எது என்று கேட்டால், அணைக்கட்டு ஒன்றியத்து மலைக் கிராமங்கள் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 2023 மே மாதம் அல்லேரி மலைப்பகுதியில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, ஒழுங்கான சாலை இல்லாததால் மருத்துவமனை போய்ச்சேரும் முன்பே இறந்தது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியோடு நின்றுவிட, தாய் உடலைச் சுமந்துகொண்டு மலையேறினார். நாடு முழுக்கச் செய்தியானது. அதற்குப் பிறகு மலைக் கிராமங்களுக்கு மருத்துவ உதவி என்று எழுதாத டிரஸ்ட் இந்தப் பக்கத்தில் குறைவு. அதையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முதல் வகை விண்ணப்பம் அந்தச் சம்பவத்தை உருக்கமாக ஒரு பக்கம் எழுதிவிட்டு, தீர்வாகப் 'பாம்புக்கடி விழிப்புணர்வு முகாம்கள் 20' என்று முடிக்கும். பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பது அந்தத் தாய்க்குத் தெரியாமலா இருந்தது? பிரச்சினை ஒன்று, தீர்வு இன்னொன்று. இரண்டாவது வகை, சாலை போட்டுத் தருகிறோம் என்று கிளம்பும். அது வனத்துறை நிலம், அனுமதியும் நிதியும் அரசு கையில். டிரஸ்டால் ஆகாது.

இரண்டுக்கும் நடுவே ஒரு டிரஸ்ட் செய்யக்கூடியது என்ன? குக்கிராமம் ஒவ்வொன்றிலிருந்தும் வண்டி வரும் இடம் வரை நடக்க எவ்வளவு நேரம் என்று நடந்து பார்த்துக் குறிக்கலாம், பகலில் ஒரு தடவை, இருட்டில் ஒரு தடவை. செல்போன் சிக்னல் எங்கெங்கே கிடைக்கிறது என்று குறிக்கலாம். ஊருக்கு நான்கு இளைஞர்களுக்குத் தூக்குப்படுக்கையும், கடிபட்டவரை அசைக்காமல் தூக்கிவரும் பயிற்சியும் கொடுக்கலாம். அடிவாரத்தில் ஜீப் வைத்திருப்பவரோடு ராத்திரி அழைப்புக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போடலாம். விஷமுறிவு மருந்து கையிருப்பு இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒருமுறை கேட்டு எழுதிவைக்கலாம். காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு ரப்பர் பூட்ஸும் டார்ச்சும் தரலாம். இத்தனைக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: கடிபட்ட நேரத்திலிருந்து முதல் மருந்து ஏறும் வரை எவ்வளவு நேரம்? திட்டத்துக்கு முன்னால் எவ்வளவு, ஒரு வருஷத்துக்குப் பிறகு எவ்வளவு? இதைக் கமிட்டிக்குக் கொண்டுபோகும் அதிகாரியிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். உருக்கம் தனியாக வேண்டியதில்லை, நடை நேரமே போதும்.

எண்ணும் இடமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேலூரிலிருந்தே பெரிய சாட்சி இருக்கிறது. பாலாற்றைத் தோல் தொழிற்சாலைக் கழிவு கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பைப் படித்தால், நீதிபதிகள் தூக்கிப் பிடிப்பது கண்ணீரை இல்லை என்பது தெரியும். ஒரு கிலோ தோல் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர். வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கின்படி, தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுசாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே பிரச்சினையில் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது என்பது வேறு வருத்தம். வழக்கு மனுவும் நிதி விண்ணப்பமும் வேறு வேறு காகிதங்கள்தான், ஆனாலும் பிரச்சினையை எப்படி நிறுவுவது என்று பழக விரும்புகிறவர்கள் அந்தத் தீர்ப்பின் முதல் சில பக்கங்களைப் படிக்கலாம்.

'சர்க்கார்தான் செய்யுதே, நீங்க எதுக்கு?'

தமிழ்நாட்டில் விண்ணப்பம் எழுதுகிறவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வி இது. வேறு மாநிலங்களுக்காக எழுதிய மாதிரிகளை இணையத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்பவர்கள் இங்கே வழுக்கி விழுகிறார்கள். மாலை நேர வகுப்பா? 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, அதில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். முதல் மூன்று வகுப்புக்கு வாசிப்பா? 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும். சர்க்கரை, ரத்த அழுத்த மருந்து வீட்டுக்கே கொண்டுபோவதா? மக்களைத் தேடி மருத்துவம். பசியோடு வரும் பிள்ளைகளா? காலை உணவுத் திட்டம்.

இவை எதுவும் இல்லாதது போல எழுதுவது மிக மோசமான உத்தி. உள்ளூர் அதிகாரிக்குத் தெரியும், கூகுளில் தேடினால் வெளியூர் அதிகாரிக்கும் தெரிந்துவிடும். 'அரசுத் திட்டங்கள் தோல்வியடைந்துவிட்டன' என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது அதைவிட மோசம். திட்டம் எட்டாத இடத்தைத் துல்லியமாகக் காட்டுங்கள். பேரணாம்பட்டில் பீடி சுற்றும் வீடுகளின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தப் போகிறீர்கள் என்றால், அந்தப் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கல்வி உதவித்தொகை இருப்பதை முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். அப்புறம், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், தாயிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இல்லாததால் எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று உங்கள் பத்துத் தெருக்களில் கேட்டு எழுதுங்கள். தேதிக்குள் ஆயிரம் பீடி எண்ணிக் கொடுக்கவேண்டிய வீட்டில் பெண்பிள்ளை மாலையில் இலை வெட்டுகிறாளா, படிக்கிறாளா என்பதையும் கேளுங்கள். அங்கே உங்கள் வகுப்புக்கான நேரமும் காரணமும் தானாகவே வந்து நிற்கும்.

அரசு வேலையோடு ஒட்டிக்கொள்வதிலும் வெட்கம் இல்லை. வேலூர், திருவண்ணாமலைப் பகுதியில் நாகநதியை மீட்ட வேலையில், மழைநீரை நிலத்தடிக்கு இறக்கும் மீள்நிரப்புக் கிணறுகள் அமைத்த பெண்கள் நூறு நாள் வேலைத் திட்டத்தின் தொழிலாளர்கள்தான். கூலி அரசுடையது, திட்டமிடலும் தொழில்நுட்பமும் தொண்டு அமைப்புடையது. இப்படிப் பிரித்துக் காட்டினால், ஒரு ரூபாய் கொடுத்து மூன்று ரூபாய் வேலை வாங்குகிறோம் என்று கொடுப்பவர் தன் கமிட்டியில் சொல்லிக்கொள்ளலாம். நூறு வருஷத்துக்கு முன் ராக்ஃபெல்லர் ஆட்கள் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

பட்ஜெட்தான் விண்ணப்பம்

சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்குக் கொடை கொடுத்ததைப் படித்திருப்பீர்கள். ஒரு விளக்கு அணையாமல் எரிய இத்தனை ஆடு, பெரும்பாலும் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ. ஆட்டை வாங்கிக்கொண்டவர் நாளொன்றுக்கு இவ்வளவு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகலாம், கிழடாகலாம், ஆனாலும் எண்ணிக்கை குறையக்கூடாது. கொடுத்தது எவ்வளவு, கிடைக்கவேண்டியது எவ்வளவு, யார் பொறுப்பு, கொடுத்தவர் போன பிறகும் எப்படித் தொடரும் என்று எல்லாமே நாலைந்து வரியில் இருக்கும். நம் பட்ஜெட்களில் பலவற்றில் இந்தத் தெளிவு இல்லை.

பேரணாம்பட்டு உதாரணத்தையே கணக்காகப் போட்டுப் பார்ப்போம். கற்பனைக் கணக்குதான். பத்து மையம், ஒவ்வொன்றிலும் 25 பிள்ளைகள், மொத்தம் 250. மையத்துக்கு ஒரு ஆசிரியைக்கு மாதம் 4,000 ரூபாய், பள்ளி நடக்கும் பத்து மாதத்துக்கு: 4,00,000. ஒருங்கிணைப்பாளர் ஒருவர், மாதம் 18,000, பன்னிரண்டு மாதம்: 2,16,000. அவருடைய பெட்ரோல் மாதம் 3,000: 36,000. பிள்ளைக்கு 600 ரூபாய்க்குப் புத்தகம், நோட்டு: 1,50,000. பகுதிநேரக் கணக்காளர் மாதம் 6,000: 72,000. தணிக்கை 25,000. மொத்தம் 8,99,000. ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 3,596 ரூபாய்.

இதில் 'இதர செலவு' என்று ஒரு வரிகூட இல்லை. தணிக்கையைத் தவிர ஒவ்வொரு வரியும் எண்ணிக்கை, விலை, காலம் என்ற மூன்றின் பெருக்கல். யாராவது 'ஏன் 18,000?' என்று கேட்டால், பத்து மையத்துக்கும் வண்டியில் போய்வரத் தெரிந்த பட்டதாரிக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் சம்பளம் என்று சொல்லலாம். 8,99,000-ஐப் 10 லட்சமாக முழுசாக்கிக் கேட்க ஆசை வரும். வேண்டாம். முழு எண்ணைப் பார்த்தால், தொகையை முதலில் முடிவுசெய்துவிட்டுச் செலவைப் பிறகு தேடியிருக்கிறார்கள் என்று படிப்பவர் நினைப்பார். அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும்.

கணக்காளரையும் தணிக்கையையும் மறைக்காமல் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். இரண்டும் சேர்ந்து 97,000, மொத்தத்தில் 11 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. சிஎஸ்ஆரில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று சொல்லித் தொண்டு அமைப்பின் சம்பளத்தை வெட்டுவது சகஜமாக நடக்கிறது. விதியில் சொல்லியிருக்கும் அந்த 5 சதவீதம், கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் செலவுக்கான வரம்பு. திட்டத்தை வடிவமைக்கவும் நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. இதைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம். எஃப்சிஆர்ஏ-வின் 20 சதவீத வரம்பிலும், பள்ளி ஆசிரியர், மருத்துவர் மாதிரி நேரடி வேலையில் இருப்பவர்களின் சம்பளம் நிர்வாகச் செலவாகக் கணக்கிடப்படுவதில்லை. களத்துக்குப் போகும் ஆளுக்குச் சம்பளம் கேட்கக் கூசும் அமைப்பு, அடுத்த வருஷம் அந்த ஆளை ஏதாவது ஒரு ஷூ கம்பெனியிடம் இழந்துவிடும். பிறகு யார் வேலை செய்வது?

மொழி பற்றி ஒரு விஷயம். விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். களத்தில் இருப்பவருக்கு ஆங்கிலம் வராது, ஆங்கிலம் தெரிந்தவர் களத்துக்குப் போனதில்லை. நடுவில் 'எம்பவர்மென்ட்', 'கெபாசிட்டி பில்டிங்', 'ஹோலிஸ்டிக்' என்று ஒரு கஞ்சி தயாராகிறது. இப்போது ஏஐ கருவிகள் அதே கஞ்சியை இன்னும் வழவழப்பாகக் காய்ச்சித் தருகின்றன. ஒரே வாரத்தில் முப்பது விண்ணப்பம் படிக்கிறவருக்கு எல்லாமே ஒரே கையெழுத்தாகத் தெரியும். ஒருங்கிணைப்பாளரையும் இரண்டு களப்பணியாளர்களையும் உட்கார வைத்து, என்ன செய்யப் போகிறோம், திங்கட்கிழமை காலை யார் எங்கே போவார்கள் என்று முதலில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலமாக்குவது அதற்குப் பிறகு ஒருநாள் வேலை.

எப்போது தட்டுவது

சிஎஸ்ஆர் கமிட்டி ஒவ்வொரு நிதியாண்டுக்கும் ஒரு செயல்திட்டம் வகுத்து இயக்குநர் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். எனவே ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கான பேச்சு பல கம்பெனிகளில் ஜனவரி, பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிடும். பெரிய திட்டத்துக்கு அப்போதே இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்றை அனுப்பிவைப்பது நல்லது. முழு விண்ணப்பம் கேட்டால் மட்டும். பல ஆண்டுத் திட்டமாகக் கேட்கவும் தயங்க வேண்டாம். தொடங்கும் ஆண்டை விட்டு மூன்று ஆண்டுகள் வரை தொடர் திட்டமாக ஒப்புக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது.

இன்னொரு கதவு வருஷக் கடைசியில் திறக்கும். தொடர் திட்டம் எதிலும் சேராமல் செலவாகாமல் மிஞ்சிய தொகையை, நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஏழாவது அட்டவணையில் சொன்ன அரசு நிதிகளுக்குக் கம்பெனி மாற்றிவிட வேண்டும். அப்படி மாற்றுவதைவிட உள்ளூரில் ஒரு பள்ளிக்குக் கழிப்பறை கட்டிப் பெயர்ப்பலகை வைக்கலாம் என்று நினைக்கும் கம்பெனிகள் பிப்ரவரி, மார்ச்சில் அவசரமாக ஆள் தேடும். ஆறு வாரத்தில் முடித்துக் கணக்குக் கொடுக்கக்கூடிய சின்ன வேலை ஒன்று, விலைப்புள்ளிகளோடும் தலைமையாசிரியரின் சம்மதக் கடிதத்தோடும் தயாராகக் கோப்பில் இருந்தால் அந்தப் பணம் உங்களுக்கு வரும். வந்த பிறகு ரசீதுகளைத் தேதிவாரியாக ஒட்டிவைத்து, பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றை, முடிந்த மாதமே ஆடிட்டர் கையெழுத்தோடு அனுப்பிவிடுங்கள். ஆண்டறிக்கை எழுதும் நேரத்தில் கம்பெனிக்காரர் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.